மாட்டுக் கொட்டகையில் ஒரு படகு மோட்டார்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஆறு என்றால் செய்யாறு. அதிலும் வருடத்தில் பாதி நாள் மணல்தான். அப்படிப்பட்ட ஊரில், திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், ஒரு படகு மோட்டார் இருந்தது என்று சொன்னால் என் கணவர் இன்றைக்கும் சிரிக்கிறார். நானும் கூடவே சிரித்துவிடுவேன். போன மாதம் என் மகளுக்குக் காது குத்திய நாளிலிருந்து என்னால் சிரிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். முப்பதைத் தாண்டி, வீட்டில் ஒரு சின்னக் குழந்தை. அது பால் தம்ளரைக் கவிழ்த்தால் முதலில் வாயில் வருவது "யார் செஞ்சது?" என்ற கேள்வி. கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று நாளெல்லாம் யோசிப்பது. நான் அந்த ரகம். இதை எழுதலாமா என்றுகூட இரண்டு வாரம் யோசித்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மோட்டாரைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவுடைய தம்பி. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு படகுக்காரரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். படகுக்காரர் புது இன்ஜின் வாங்கியதும், கொட்டாயில் பல வருடங்களாகச் சும்மா கிடந்த பழைய மோட்டாரை மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமா அதை மீன் டெம்போவில் ஏற்றி, தன் துணிப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். நிறுத்திவைத்தால் என் உயரம் இருக்கும். மேலே பானை மாதிரி ஒரு தலை, கீழே நீண்ட ஒற்றைக் கால், காலின் நுனியில் மூன்று இதழ் விசிறி. ஒரு காலத்தில் நீல நிறம். கம்பெனிப் பெயர் இருந்த இடம் சுரண்டிப் போயிருந்தது. பக்கத்தில் போனால் மண்ணெண்ணெயும் கருவாடும் உப்பும் கலந்த ஒரு வாசனை வரும். எங்கள் மாடுகள் இரண்டு நாள் அதைப் பார்த்து மூச்சு விட்டபடியே நின்றன.

அப்பாவுக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது, கிணற்றுமேல் ஆயில் இன்ஜின் இருந்தது. அந்த இன்ஜினை அவரே பிரித்து அவரே மாட்டுவார். படகு மோட்டாரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஆயில் எங்கே ஊற்றுவது என்று கேட்டார். தனியாக ஊற்றுகிற இடம் கிடையாது, மண்ணெண்ணெயோடு கலந்து ஊற்றவேண்டும் என்று மாமா சொன்னதும், இது மிசினா, ஊறுகாயா என்றார். தெருவில் எல்லோருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. பால் ஊற்ற வருகிறவர்கூட எட்டிப் பார்த்து, கப்பல் எப்போது வருகிறது என்று கேட்டுவிட்டுப் போவார்.

மாமா விளையாட்டுக்குக் கொண்டுவரவில்லை. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து, பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. தை பிறந்ததும் மீன் குத்தகை விடுவார்கள். ஏரி பெரியது. அக்கரையில் யார் வலை போட்டு மீனைத் திருடினாலும், இக்கரையில் இருப்பவர் கரையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வீட்டில் குழம்பு கொதித்துவிடும். படகும் மோட்டாரும் இருந்தால் நேராகப் போகலாம். மாமா ஒரு பழைய பைபர் படகையும் பார்த்து, ஓட்டை அடைத்துக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார். ஏரிக் கமிட்டித் தலைவருக்கு அந்த யோசனை பிடித்தது. பொங்கலுக்குள் படகு ஓடினால் குத்தகை உள்ளூர்ப் பிள்ளைக்கு, இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் வெளியூர்க்காரருக்கு என்று சொல்லிவிட்டார்.

அப்பா இன்னொன்றும் சொல்லிவிட்டார். மாமா மூன்று வருடத்தில் மூன்று வேலை மாறியிருந்தார். இதுதான் கடைசி, இதுவும் ஆகவில்லை என்றால் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட வேண்டும், இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இருக்கக் கூடாது. அம்மா இதைக் கேட்டபோது சோறு வடித்துக்கொண்டிருந்தார். வடிதட்டை எடுக்காமல் அப்படியே நின்றது ஞாபகம் இருக்கிறது.

மாமா போய்விடக் கூடாது என்பதுதான் அந்த மார்கழியில் எனக்கு இருந்த ஒரே வேண்டுதல். ஏன் என்றால், நான் கேட்ட கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்கிற பெரியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் அப்போது அத்தையும் இருந்தார். அப்பாவின் தங்கை. உத்திரமேரூரில் கட்டிக்கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு வந்தவரை, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று மாமியார் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். அத்தைக்குக் குழந்தை இல்லை. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அப்பா முன்னால் யாராவது எடுத்தால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அத்தை யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று எல்லா வேலையும் செய்தார். அம்மா வேண்டாம் என்றாலும் தினமும் காலையில் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குவார். பெருக்கிவிட்டு மோட்டார் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் மோட்டார் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஓட்டிப் பார்க்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நேராக ஏரியில் இறக்கி ஓடாவிட்டால் மானம் போய்விடும், முதலில் வீட்டில் ஓட்டு என்று அப்பா சொல்லியிருந்தார். மாமா வாசலில் இரண்டு கல் தூண்களுக்கு நடுவே ஒரு பழைய நுகத்தடியைக் கட்டி, அதில் மோட்டாரைக் கவ்வ வைத்து, அதன் காலை ஒரு தார் டிரம்முக்குள் இறக்கினார். டிரம் நிறையத் தண்ணீர். டிரம்மின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கிழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது தண்ணி குடிச்சிகினேதான் ஓடும். தண்ணி இல்லன்னா சூடேறி செத்துப்போயிடும். விசிறி சுத்துச்சுன்னா தண்ணி வெளிய வாரி அடிக்கும். நீ தொட்டியில மொண்டு ஊத்திகினே இருக்கணும். இந்தக் கோட்டுக்குக் கீழ போவக் கூடாது. போவ வுட மாட்டியே?"

மாட்டேன் என்றேன். பிறகு மோட்டாரின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார். உள்ளே போன தண்ணீர் அது வழியாகத்தான் ஒண்ணுக்குப் போகிற மாதிரி வரும், வந்தால் மோட்டார் சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

தலைவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவே நின்றது. மாமா கயிற்றைச் சுற்றி இழுத்தார். நாலாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆயில் இன்ஜின் மாதிரி நின்று நிதானமாக அடிக்காது. கூடையிலிருந்து ஒரேயடியாக ஆயிரம் கோழி பறந்த மாதிரி. வெள்ளைப் புகை. மாடுகள் கயிற்றை இழுத்தன. கை தட்டினார்கள். மாமா முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உடனே குனிந்து பின்பக்க ஓட்டையைப் பார்த்தார். அதில் தண்ணீர் வரவில்லை. நிறுத்திப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சைகை காட்டினார். ஓடுகிறதை ஏன் நிறுத்துகிறாய், தலைவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று அப்பா கத்தினார். மாமா நிறுத்தவில்லை.

நான் ஊற்றினேன். ஒரு வாளி, இரண்டு வாளி, ஐந்து வாளி. விசிறி வாரி அடித்த தண்ணீர் எல்லாம் என்மேல்தான் விழுந்தது. சிவப்புப் பாவாடை தொடையோடு ஒட்டிக்கொண்டது. மதில் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

உள் அறையில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மஞ்சள் பாவாடையை எடுத்துக் கொடுத்தார். கட்டிக்கொண்டு திரும்பியவளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தலையப் பாரு, தேங்கா நார் மாதிரி கீது. ஊரே வாசல்ல நிக்கிது. ஒக்காரு, ஒரு பின்னல் போட்டு வுடுறேன்."

தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. சொல்லாமலும் இருந்திருக்கலாம். அத்தை கை தலையில் பட்டால் எனக்குச் சொக்கிவிடும். பின்னல் பாதியில் இருந்தபோது வெளியே சத்தம் மாறியது. மேலே மேலே ஏறியது. அப்புறம் இரும்பும் இரும்பும் உரசுகிற ஒரு கீச்சு. அப்புறம் ஒன்றுமே இல்லை. அத்தையின் கை அப்படியே நின்றது.

நான் ஓடி வெளியே வருவதற்குள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கும்போது அதன் கால் தட்டி டிரம் சாய்ந்தது. இருந்த தண்ணீர் எல்லாம் வாசலில் ஓடியது. எவ்வளவு இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மாமா கயிற்றை இழுத்தார். கயிறு அசையவில்லை. தலையில் இருந்த இரும்புச் சக்கரத்தைக் கையால் திருப்பினார். அதுவும் அசையவில்லை.

"பிஸ்டன் புடிச்சிக்கிச்சு" என்றார்.

தலைவர் எழுந்து, பார்த்துச் செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. என் பக்கம் திரும்பித் தண்ணீர் ஒழுங்காக ஊற்றினாயா என்று கேட்டார்.

"ஊத்தினேன்" என்றேன்.

"அவ ஊத்தினேன்றா" என்றார் அப்பா, மாமாவிடம். "அப்ப கோளாறு உன் மிசின்லதான். எவனோ தூக்கிப் போட்டத தூக்கிக்கினு வந்து என் வாசல்ல வெச்சிக்கினு, ஊரைக் கூட்டி..."

மாமா என்னைப் பார்த்தார். என் மஞ்சள் பாவாடையைப் பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றைச் சுற்றி எடுக்க ஆரம்பித்தார்.

அடுத்த மூன்று நாளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். தினமும் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன். அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. புதன்கிழமை கம்பெனியில் சேர்த்துவிடுகிற ஆளிடம் அப்பா பேசிவிட்டு வந்தார். வியாழன் காலை முதல் பஸ். மாமா துணியெல்லாம் அடைத்துப் பையை ஆணியில் மாட்டியிருந்தார். மோட்டாரை என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, இங்கேயே கிடக்கட்டும் என்றார்.

புதன் மாலை அப்பா கொட்டகையில் மோட்டாரைப் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் செத்துக் கிடந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. யார்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி. ஒரு கம்பியை எடுத்து அந்தப் பின்பக்க ஓட்டைக்குள் விட்டார். மண் உதிர்ந்தது. இன்னும் குத்தினார். காய்ந்த செம்மண் கட்டியாக வந்தது. அதோடு நாலைந்து செத்த சிலந்திகளும் வெள்ளையாக ஒரு புழுவும்.

"கொளவிக் கூடு" என்று கத்தினார். எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். "பாரு. தண்ணி போற ஓட்டையில கொளவி கூடு கட்டிகீது. ஒரு கம்பி வுட்டுப் பாக்கத் துப்பு இல்ல. இவனை நம்பி ஏரியைக் குடுப்பாங்களாம்."

மாமா வாசல் கட்டையில் சாய்ந்து நின்றார். அப்பா இன்னும் பேசிக்கொண்டே போனார். நாளைக்கு இல்லை, இன்றைக்கே கிளம்பட்டும் என்றார். அம்மா அழ ஆரம்பித்தார். அப்போது அத்தை முன்னால் வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அந்த மண்கட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவரைத் திட்டாத அண்ணா. அந்தக் கூடு எனக்குத் தெரியும். கட்ட ஆரம்பிச்ச நாளே பாத்துட்டேன். நான்தான் சொல்லல."

அப்பாவுக்குப் புரியவில்லை. தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே என்றார்.

"சொன்னா கலைச்சிடுவீங்க."

உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். குளவி வீட்டுக்குள் வந்து மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கும் என்பார்கள். அதனால் எங்கள் பக்கம் யாரும் கூட்டைக் கலைக்க மாட்டார்கள். சுவரில் இருந்தால் வெள்ளையடிப்பவர் அதைச் சுற்றித்தான் அடிப்பார்.

"ஏழு வருசத்துல ஒரு கொளவிகூட எங்க வூட்ல கட்டல" என்றார் அத்தை. "இங்க வந்து, அதுவும் நான் கூட்டுற எடத்துல கட்டுச்சு. எனக்குக் கலைக்க மனசு வரல. மிசினு பாழாப்போவும்னு எனக்கின்னா தெரியும். தப்பு என்னுதுதான்."

அப்பா கையில் கம்பி இருந்தது. அதன் நுனியில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, கீழே உதிர்ந்த மண்ணையெல்லாம் இரண்டு கையாலும் கூட்டி எடுத்து, எழுந்து போய் முருங்கை மரத்தின் கவட்டில் வைத்துவிட்டு வந்தார். சாமி கும்பிடாத மனிதர். வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமா பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பிளக் ஸ்பேனர் எங்கடா வெச்ச?"

அவ்வளவுதான். மாமா வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போகவில்லை.

எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். தண்ணீர் காரணம் இல்லை. குளவிதான் காரணம். என் பொய் பொய்யே இல்லை என்ற மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அத்தை சமையலறையில் போய் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வாசலில் நொண்டி ஆடினேன்.

மோட்டாரை விடுவிக்க ஒன்பது நாள் ஆனது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். ஊறவிட்டார்கள். தினமும் காலையில் நாஷ்டாவுக்கு முன் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே நின்று மேல் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். அசையாது. மறுபடி ஊற்றுவார்கள். மூன்றாம் நாள் அப்பா சம்மட்டியை எடுத்தார். அடித்தால் உள்ளே தண்டு வளைந்துவிடும், அப்புறம் பேரீச்சம்பழத்துக்குக்கூட வாங்க மாட்டார்கள் என்று மாமா தடுத்தார். அப்பா சம்மட்டியை வைத்துவிட்டார். மாமா சொன்ன பேச்சை அப்பா கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமா சக்கரத்திலும் அதன் பக்கத்தில் உடம்பிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். ஆறாம் நாள் காலை அந்தக் கோடு நூல் அளவு விலகியிருந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவை அப்படியே நுரையோடு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அதற்குப் பிறகு மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன்மேல் ஒரு வேப்பங்கட்டையை வைத்து, குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி தட்டினார்கள். தட்டுவது, ஊற்றுவது, திருப்புவது. ஒன்பதாம் நாள் விட்டுக்கொடுத்தது. பிஸ்டனில் நகத்தால் கீறின மாதிரி நீளக் கோடுகள். மாமா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

ஒரு சின்ன விஷயம். மோட்டாரின் கால் பகுதியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மாமா உள்ளேயிருந்து ஒரு ரப்பர் சக்கரத்தை எடுத்தார். கருகி, ஓரமெல்லாம் உருகி, பிசுபிசுவென்று இருந்தது. அதை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இது உளுத்துப் போயிருக்கிறது, புதுசு வாங்கிவருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். சதுரங்கப்பட்டினம் போய் வாங்கியும் வந்தார். ஏதோ தன் தப்பைத்தான் மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. பெரிய உபகாரம் செய்கிற மாதிரி நானும் யாரிடமும் சொல்லவில்லை.

போகிக்கு முந்தின நாள் படகு ஏரியில் ஓடியது. கமிட்டித் தலைவரை உட்கார வைத்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார் மாமா. குத்தகை கிடைத்தது. பிறகு அதே ஊரில் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, இன்றைக்கும் அங்கேதான் மீன் வளர்க்கிறார். அந்த மோட்டார் நாலு வருடம் உழைத்துவிட்டு ஒரு கோடையில் பழைய இரும்புக்குப் போனது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் போய்விட்டது. அத்தை பொங்கல் முடிந்து உத்திரமேரூர் திரும்பிப் போனார். அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் போன மாதம் என் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் இடத்தில் என் மாமாவே உட்கார்ந்தார். மூன்று வயது முடியாத குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு, அவள் அழுததைவிட அதிகமாகத் தானே முகம் சுளித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, நான் என் கணவருக்காக மோட்டார் கதையை எடுத்தேன். குளவி ஒன்று ஒரு படகு மோட்டாரையே கொன்ற கதை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மாமாவும் சிரித்தார்.

"அதெல்லாம் உங்கப்பா நெனச்சதும்மா. அந்த ஓட்டை அடைச்சா மோட்டார் எங்கனா சாவுமா? தண்ணி சுத்துதான்னு நமக்குக் காட்டுறதுக்குத்தான் அந்த ஓட்டை. அது அடைச்சிருந்தாலும் தண்ணி உள்ள சுத்திட்டு வேற வழியில வெளிய போயிடும்."

அப்படியானால் ஏன் நின்றது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "தண்ணி இல்லாம ஓடிச்சு" என்றார். "தண்ணிய மேல இழுக்குற அந்த ரப்பர் சக்கரம் கருகிக் கெடந்துச்சே. தண்ணி இல்லாம சுத்தினாதான் அது அப்படி ஆவும். வுடும்மா. ஓட்டையில தண்ணி வரலன்னதுமே நான் நிறுத்தியிருக்கணும். பெரியவன் நானு. உனக்கு ஒம்பது வயசு."

என் கணவர் வேறு ஏதோ கேட்க, பேச்சு மாறிவிட்டது. நான் தம்ளரில் மிச்சமிருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பையை ஆணியில் மாட்டியிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர் அங்கேயே இருந்திருக்கலாம். காட்டிக்கொடுக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நான் டிரம்மை விட்டு வந்ததை மாமா ஊகித்தார். கண்ணால் பார்த்தவர் வேறொருவர்.

அத்தை கோயில் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. அழுது களைத்த என் மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் முன்னால் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வந்தது உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டுவிட்டேன். அத்தை ஆச்சரியப்படவில்லை.

"என் கண்ணு முன்னாடிதான ஒக்காந்திருந்த. வெளிய சத்தம் நின்னதும் எனக்கும் பக்குனு ஆயிடுச்சு. நான்தான உன்னை ஒக்கார வெச்சேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே அத்தே. எனக்கு ரெண்டு அடி விழுந்திருக்கும், அவ்ளோதானே."

"ரெண்டு அடியோட போவும்னு யாரு சொன்னது. நீ ஊத்தினேன்னு பொய் சொன்ன, அத வெச்சி உங்கப்பன் மச்சானத் தெருவுல நிறுத்திட்டான். பொண்ணு பொய் சொன்னான்னு தெரிஞ்சா உன்னை இன்னா பண்ணியிருப்பான்னு எனக்குப் பயமா இருந்துச்சு. உங்கப்பன் கோவம் எதுலயும் நிக்காது. எனக்குப் புள்ள இல்லன்ற பேச்சுல மட்டும் நிக்கும். அன்னிக்கு என் கையில இருந்தது அது ஒண்ணுதான்."

ஆண்கள் எல்லாம் நிற்கிற கொட்டகையில், ஏழு வருடமாக யாரும் வாயெடுக்காத பேச்சைத் தானே எடுத்து வைத்தாரே, அதற்கு எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது ஒரு நொண்டி ஆட்டம். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. அதற்குப் பதிலாக வேறொன்றைத்தான் கேட்டேன். அப்படியென்றால் அந்தக் கூட்டை நீங்கள் பார்த்ததாகச் சொன்னது எனக்காகச் சொன்னதா என்று.

"இல்லடி. அது நெசம். தெனமும் காலையில போய்ப் பாத்துகினுதான் இருந்தேன்."

வெயில் அத்தையின் கால் பக்கம் நகர்ந்துவிட்டது. குழந்தைக்குக் கழுத்து வலிக்குமோ, குத்தின காது தோளில் படுமோ, வியர்க்குமோ என்று எனக்கு வழக்கமான கவலைகள் எல்லாம் வந்தன. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"தூங்கிகினு கீது. வுடு" என்றார் அத்தை.

கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை எழுந்திருக்கும் வரை அவளைத் திருப்பிக் கேட்கவில்லை.